ஏழரை மணி ஊசி

கமலம்மாள் வந்து அடுப்பை அணைத்தபோது இட்லிப் பானையிலிருந்து ஆவி அப்போதுதான் கிளம்பியிருந்தது.

"பொணம் கெடக்கற ஊட்டுல அடுப்பு எரியுது. புத்தி எங்கடி போச்சு உனக்கு?"

பூங்குழலியின் கையில் இன்னும் சிரிஞ்சு இருந்தது. சற்று முன்தான் அம்மாவுக்கு இன்சுலின் போட்டிருந்தாள். யோசித்துப் போட்டதல்ல. ஏழரை ஆனதும் கை தானாக ஃப்ரிட்ஜைத் திறந்தது. இந்த வீட்டில் ஏழரைக்கு ஊசி, எட்டுக்குள் சாப்பாடு. வருடக்கணக்கில் அந்த ஊசியைப் போட்டுவந்த அவளுடைய அப்பா காளியப்பன், கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். முந்தின இரவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

"ஊசி போட்டாச்சுங்க அத்தை. அம்மா சாப்பிட்டே ஆகோணும். இல்லாட்டி சர்க்கரை எறங்கிரும்."

"ஒரு வேளை திங்காட்டி யாரும் செத்துர மாட்டாங்க. எந்தம்பி போயிட்டான், உங்கம்மாளுக்கு இட்டிலி கேக்குதா?"

கமலம்மாள் அப்பாவின் அக்கா. கௌதள்ளியிலிருந்து விடியும் முன்பே வேன் பிடித்து, சொந்தபந்தங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வந்த கையோடு சாவு வீட்டு நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டாள். திருப்பூரிலிருந்து அப்பாவின் கடைசித் தம்பி வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும். மத்தியானம் ஆகலாம். அதுவரை அடுப்பு எரியக் கூடாது. தாலி கட்டியவள் வாயில் தண்ணீர் தவிர எதுவும் போகக் கூடாது. இதையெல்லாம் அவள் சொல்ல, சுற்றி நின்றவர்கள் தலையாட்ட, அதுவே சட்டமாகிவிட்டது.

அம்மா லிங்கம்மா பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பூங்குழலி குனிந்து காதருகே கேட்டாள்.

"கொஞ்சமாச்சும் தின்னும்மா. உள்ள வா."

"விடு கண்ணு. எல்லாரும் பாக்கறாங்க."

காளியப்பன் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்தவரில்லை. தேவராஜ மொஹல்லா கடைத்தெருவில் வாழை இலைக் கடை. இருட்டோடு போய்க் கடை திறப்பவர், ஏழரைக்கு வீட்டில் நிற்பார். காவிரித் தகராறில் ஊரே அடைத்துக் கிடந்த நாளில், ஆட்டோ கிடைக்காமல் நடந்தே வந்து ஊசி போட்டார். மகன் மனோஜ்குமாரின் கல்யாணத்தில் முகூர்த்தம் இழுத்துக்கொண்டே போனபோது, பெண்டாட்டியை மேடையிலிருந்து கையைப் பிடித்து இறக்கிக் கொண்டுபோய், பந்திக்கு முன்னால் சமையற்கட்டில் உட்காரவைத்துச் சாப்பிட வைத்தார். சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். கமலம்மாள் அந்தக் கோபத்தில் வெகுநாள் தம்பியோடு பேசவில்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவருக்கு மூக்கு விடைத்துவிடும். "வெள்ளம் வரப்பத்தான்டா அளந்து நிக்கோணும். சாண் சாண்தான், மொழம் மொழந்தான்" என்பார். ஊசி போட்டதும் லிங்கம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். அவள் கடைசி அரை இட்லியைத் தின்ன மாட்டாமல் தட்டோடு அவர் பக்கம் தள்ளுவாள். அக்கா வந்திருக்கும் நாட்களிலும் அவள் பார்க்கவே அதை வாயில் போட்டுக்கொண்டுதான் கடைக்குத் திரும்புவார்.

பூங்குழலி பக்கத்து வீட்டு லீலாவிடம் போய்ச் சொன்னாள். கன்னடக்காரி, ஆனால் இந்த வீட்டோடு பழகிப் பழகித் தமிழும் வரும். உப்புமாவைத் தட்டில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு வந்தவளை, கமலம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"ஷுகர் இருக்கறவங்களுக்கு ஊட்டா இல்லாம எப்படிம்மா? சாப்பாடு குடுக்காட்டி தப்பாகுத்து" என்றாள் லீலா.

"எங்க மொறை வேறங்க. நீங்க எடுத்துட்டுப் போங்க."

தட்டு வந்த வழியே திரும்பிப் போனது. பூங்குழலி தம்பியைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் விடுக்கா. எல்லார் முன்னாடியும் மானம் போகுது" என்றான் மனோஜ்குமார். அவன் சட்டையில் தெருமுனை ஓட்டல் மசால் தோசையின் வாசனை அடித்தது.

சாமியானாவுக்கு அடியில் வந்தவர்களுக்கெல்லாம் டீயும் பன்னும் போய்க்கொண்டிருந்தன. அதற்குத் தீட்டில்லை. கமலம்மாளே பிரஷர் மாத்திரைக்கு வெறும் வயிறு ஆகாதென்று ஒரு முழு பன்னைப் பிய்த்துத் தின்றாள். தன் உடம்பு நோகாமல் நோம்பி கும்பிடுவது என்பார்கள். இவர்கள் லிங்கம்மாவின் வயிற்றை வைத்தல்லவா கும்பிட்டார்கள்!

அதற்குள் சவ வண்டிக்காரன் கூப்பிட்டான். சாமியானாக்காரன் கூப்பிட்டான். திருப்பூரார் வழி கேட்டு மாற்றி மாற்றி போன் செய்தார்கள். ஆம்பளைகள் அத்தனை பேர் இருந்தும் எல்லாவற்றுக்கும் பூங்குழலிதான் வேண்டியிருந்தது. தெருமுனைக்கும் வீட்டுக்கும் அலைந்தபடி மனதுக்குள் அவள் ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா சாப்பிடவில்லை, அம்மா சாப்பிடவில்லை.

அவள் திரும்பி வரும்போது உள்ளே ஒப்பாரி கூடியிருந்தது. நடுவில் லிங்கம்மா. நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. கை வெடவெடத்தது.

"எலைக்கட்டு நனையுதுங்க... உள்ள எடுத்து வைங்க..." என்று நாக்குக் குழற யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது.

"பாருங்கடி, புருசன் நெனப்புலயே துடிக்கறா. இவளல்லோ பத்தினி!" என்று கமலம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

பூங்குழலிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஒருத்தி மயங்கப் போகிறாள், அதற்குப் பாட்டுப் பாடுகிறார்கள்! சமையலறைக்கு ஓடிச் சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்துத் தம்ளரில் கரைத்துக்கொண்டு வந்தாள். பெண்களை விலக்கி அம்மாவின் தாடையைப் பிடித்தாள்.

"முழுங்கும்மா. இன்னொரு வாய். முழுங்கு."

"ஏய், என்ன காரியம் பண்ற?"

"துக்கமில்லீங்க அத்தை இது, சர்க்கரை எறங்குது. உங்க மாத்திரைக்குப் பன்னு வேணும். இவனுக்குத் தோசை வேணும். எங்கம்மா மட்டும் பட்டினி கெடந்து உங்களுக்கு மரியாதை சேத்தோணுமா? வண்டிக்காரன் வெளியதான் நிக்கறான். ரெண்டு பொணம்னு சொல்லிரட்டுங்களா?"

ஒப்பாரி நின்றது. மனோஜ்குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

"அடுப்பப் பத்த வெச்சீன்னா, இந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் பாத்துக்க" என்றாள் கமலம்மாள்.

"எங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் அவரே பத்த வெச்சிருப்பாருங்க."

பூங்குழலி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பாதி வெந்து ஆறிக் கிடந்த மாவு, மறுபடி கொதித்து அமுங்கிய இட்லியாக வந்தது. அம்மாவைச் சமையலறைக்குக் கூப்பிடவில்லை. ஒளித்து ஊட்ட இதென்ன திருட்டா? தட்டைக் கூடத்துக்கே கொண்டுவந்து, பெட்டிக்குப் பக்கத்தில், அத்தனை பேர் முன்னாலும் அம்மாவின் முன் வைத்தாள்.

சர்க்கரைத் தண்ணீரில் லிங்கம்மாவின் கண் தெளிந்திருந்தது. நடுக்கமும் குறைந்திருந்தது. தட்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் பிட்டுப் பிட்டுத் தின்றாள்.

அரை இட்லி மிச்சமிருக்கும்போது கை நின்றது. விரலை வழித்துவிட்டு, தட்டைக் கண்ணாடிப் பெட்டியின் பக்கமாகத் தள்ளிவைத்தாள்.

எச்சில் தட்டு பிணத்தருகே கிடக்கலாமா என்று முணுமுணுத்தபடி கமலம்மாள் அதை எடுக்கக் குனிந்தாள். தட்டைப் பார்த்தாள். பெட்டிக்குள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.