இரட்டை ஜடை வழக்கு

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு காட்சிதான். தோழி ஒருத்தியின் வழக்குக்குத் துணையாகக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். நடைக்கூடத்துப் பெஞ்சில் ஒரு வக்கீலம்மா வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்று, வாயில் ரப்பர் பேண்டைக் கவ்விக்கொண்டு, அவருடைய கட்சிக்காரர் அவருக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தார்.

"மெதுவா சார். தலை எனக்கு வேணும், இன்னும் கேஸ் இருக்கு."

"அசையாதீங்க மேடம். வகிடு கோணுது."

தோழியின் வழக்கு என்ன ஆயிற்று என்று எனக்குச் சரியாக நினைவில்லை. [தள்ளிவைத்திருப்பார்கள். வேறென்ன செய்வார்கள்?] சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். மற்றதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: நீதிதேவதையின் கண்கள் கட்டப்பட்டிருந்தன, அவள் கையில் தராசுக்குப் பதிலாக ஒரு சீப்பு—

வேண்டாம். இன்னொன்று: பிரிந்த இரு உள்ளங்களுக்கு நடுவே ஒரு பிஞ்சு—

சே.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜடை பின்னிய அந்தக் கட்சிக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய முன்னாள் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஆறு வயது மகளை வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். அவள் அம்மாவோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பகல் மட்டும் அப்பாவோடு. வாரத்தில் இரண்டு இரவுகள், பள்ளிக்கூட நாட்களில், மகள் தன்னோடு தங்க வேண்டும் என்று அவர் கேட்கிறார். அம்மா மறுக்கிறாள். இரவைப் பற்றி அவளுக்குப் பயமில்லை, மறுநாள் காலையைப் பற்றித்தான். நீள முடி உள்ள பெண்கள் இரட்டை ஜடையோடுதான் வர வேண்டும் என்பது பள்ளியின் விதி.

"இவருக்கு ஒரு ஜடை பின்னத் தெரியுமான்னு கேளுங்க மேடம்" என்று போன முறை நீதிபதியிடம் சொல்லிவிட்டாள். நீதிபதியும் கேட்டுவிட்டார். அடுத்த முறை பின்னிக் காட்டச் சொல்லியும்விட்டார்.

வக்கீலம்மாவின் தலை அப்படித்தான் மாட்டிக்கொண்டது.

3

சட்டம் 'குழந்தையின் நலன்' என்கிறது. அம்மாவின் உரிமை, அப்பாவின் உரிமை எல்லாம் அதற்குப் பின்னால்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நலனைத் தேடிப்போனால் பெரிய இடங்களில் அது அகப்படுவதில்லை. குடிக்கும் சூட்டுக்கு ஆற்றிய பாலில் கொஞ்சம் இருக்கிறது. கட்டிலுக்கடியில் போன ஒற்றைச் சாக்ஸைக் குனிந்து எடுப்பவரிடம் கொஞ்சம் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு நீதிபதி எப்படி எடைபோடுவார் என்று—

இங்கே நிறுத்த வேண்டியதாயிற்று. பட்டாணியின் அம்மா கதைக்குள்ளிருந்து எழுந்து என்னோடு சண்டைக்கு வந்துவிட்டாள்.

"அவர் ஒரு நாள் பின்னினா கதை. நான் தினமும் பின்னறேனே, எனக்குன்னு ஒரு வரி எழுதினியா?"

"அதுல அதிசயம் இல்லையே" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

பேனாவைக் கீழே வைத்தேன். ஒரு அப்பா பின்னுவதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு இளகியது. அம்மாக்கள் பின்னுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட மனதில் தங்கவில்லை. ஆகவே இந்த வரி அவளுக்கு: வேலைக்கு ஓடும் அவசரத்திலும், சிக்கெடுக்கும்போது மகளுக்கு வலிக்கக் கூடாதென்று, முடியை வேர்ப்பக்கம் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சீவுவாள்.

["ம், பரவால்ல" என்றாள்.]

4

நீதிபதியின் அறை. மேசைக்கு முன்னால் ஸ்டூலில் பட்டாணி. அப்பா சீப்பை எடுத்தார். நீதிபதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். வக்கீலம்மா, பரீட்சை எழுதும் பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்போல நகம் கடித்தார். வகிடு நேராக வந்தது. வலது ஜடை முடிந்தது.

அம்மா அதை இழுத்துப் பார்த்தாள். "அவிழ மாட்டேங்குது" என்றாள், புகார் சொல்வதுபோல.

"லிஃப்டே நிக்குது என் கையில. இது நிக்காதா?"

"பட்டாணி, அப்பா பின்னினது நல்லா இருக்கா?" என்று கேட்டார் நீதிபதி.

"எனக்கு ஜடையே பிடிக்கல. வெட்டிடுங்க. கிராப்பு வேணும்."

"முடியாது!"

அப்பாவும் அம்மாவும், ஒரே மூச்சில்.

"இந்த வழக்குல நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை" என்றார் நீதிபதி. "பதிவு பண்ணிக்கவா?"

"ஐயோ, வேண்டாம் மேடம்." அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் முடியாதுன்னீங்க? கிராப்புன்னா உங்களுக்கு வேலை மிச்சம்தானே?"

"இப்பத்தான் கத்துக்கிட்டேன்" என்றார் அவர், பாவமாக. "சரி, நீ ஏன் சொன்னே?"

அவள் மகளின் பின்னாத பக்கத்து முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். [நான் அவளைத் தூண்டவில்லை.]

"காலையில ஜடை போடற அந்தக் கொஞ்ச நேரம்தான் இவ என் மடிக்குள்ள அசையாம இருப்பா" என்றாள். "அதுவும் ரெண்டு நாள் போயிடுமேன்னு இருந்துச்சு."

விதி, பள்ளிக்கூடம், காலை அவசரம் என்று இவ்வளவு பக்கம் நான் எழுதியது எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றி வந்ததுதான் போலிருக்கிறது. அவர் சீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கிராப்புக்கும் சீவணும்மா" என்றாள் பட்டாணி.

நீதிபதி தொண்டையைச் செருமினார். "வெளியில போய் உட்கார்ந்து பேசிட்டு வாங்க. முடியைப் பத்தியும், ராத்திரியைப் பத்தியும். நீங்க ஒத்துப்போகலேன்னா நான் இருக்கவே இருக்கேன்."

5

முடிவு அ: இரண்டு இரவுகளும் அப்பாவுக்கு. எல்லோரும் கண்ணீர் விடுகிறார்கள். (கண்ணீர் அளவுக்கு மீறிப் போனதால் கிழித்துப் போட்டேன்.)

முடிவு ஆ: நீதிபதி மறுத்துவிடுகிறார். அப்பா ரப்பர் பேண்டைப் பையில் போட்டுக்கொண்டு— இல்லை, என்னால் முடியாது.

முடிவு இ: இருவரும் மறுபடி சேர்ந்துவிடுகிறார்கள். ("பேனாவை உடைச்சுடுவேன்" என்றாள் அம்மா. "நான் பிடிச்சுக்கறேன், நீ உடை" என்றார் அப்பா.)

ஆகவே அவர்களைப் பெஞ்சில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். நடுவில் பட்டாணி, ஒரு பக்கம் ஜடை, மறுபக்கம் அவிழ்ந்த முடி. ஊழியர் வந்து அவர்களுடைய வழக்கு எண்ணைக் கூப்பிடுகிறார். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிடுகிறார். பட்டாணி ஏதோ சொல்கிறாள்; அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள்; அப்பா விரல்விட்டு எண்ணிக் காட்டுகிறார்; மூன்று பேரும் சிரிக்கிறார்கள். என்ன முடிவானது என்று எனக்குக் கேட்கவில்லை, நான் தள்ளி நிற்கிறேன். அவர்கள் பக்கத்தில் இடம் இருக்கிறது. நீங்கள் போய் உட்கார்ந்து, கேட்டு வந்து சொல்லுங்கள்.