பின்னால் போகக் கூடாத வண்டி

அழகுமலை தன் சின்ன பிக்கப்புக்குப் பெரிய டயர் மாட்டியதற்கு மூக்கம்மாள்தான் காரணம். அந்த அம்மாளுக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம்.

பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை மாரீஸ்வரியைப் பார்க்கப் போன மாதம் போயிருந்தான். வழியில் வண்டியின் அடிவயிறு கல்லில் மாட்டிக்கொண்டது. லயமே திரண்டு வந்து தூக்கிவிட்டது. தங்கையின் மாமியார் மூக்கம்மாள் இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்ன மருமகனே, ஓட்டிட்டு வந்தீகளா, தவந்துக்கிட்டு வந்தீகளா? இதுல புள்ளத்தாச்சிய எப்பிடி அனுப்புவேன்?"

அவ்வளவுதான், அழகுமலைக்குத் தூக்கம் போயிற்று. வளைகாப்பு முடிந்த கையோடு தங்கையைப் பிரசவத்துக்கு மாட்டுப்பட்டிக்கு, அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். கவலை வந்தால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனுக்குத் தெரியாது. எதையாவது கழற்றி எதையாவது மாட்டியாக வேண்டும். சூசையப்பனின் டயர் கடையில், ஏதோ ஜீப்பிலிருந்து கழற்றிய டயர்கள் கிடந்தன.

"ஒயரம் கெடைக்கும்ணே. ஆனா ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா டயரு உள்ள ஒரசும்," என்றான் சூசையப்பன்.

"ஒரசுனா ஒரசட்டும்ப்பா. என் பொண்டாட்டி தெனமும் ஒரசுறா, குடும்பம் ஓடலையா?"

வண்டி உயர்ந்தது. அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு திரியும் குழந்தை மாதிரி நடந்தது. ஸ்டியரிங் அம்மிக்கல்லாகக் கனத்தது. பாடிக்கொண்டே ஏறிய ஏற்றத்தில் இப்போது முதல் கியரில் முனகியது. பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நின்றது. ஸ்பீடாமீட்டர் முள் சொன்ன வேகம் ஒன்று, ஓரத்து மரங்கள் ஓடிய வேகம் ஒன்று. போதாக்குறைக்கு அழகுமலை ஆள் கட்டை. தன் வண்டிக்குள் ஏறத் தானே கதவைப் பிடித்துத் தொங்கினான். தங்கை ஏறுவதற்கென்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

வளைகாப்பன்று வண்டி ஒரு கல்லிலும் இடிக்காமல் லயத்துக்கு ஏறியது. ஆனால் வளைவுகளில் டயர் உள்தகட்டில் முட்டியதால், ஒவ்வொரு வளைவிலும் பின்னால் போய்ப் போய்த்தான் திரும்ப முடிந்தது. பார்த்தவர் யாரும் இல்லை. அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு போட்டு, மாரீஸ்வரியை ஸ்டூல் வைத்து ஏற்றினார்கள். மாப்பிள்ளை ஜெகன் ரிசார்ட் வேலைக்கு அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டான். மூக்கம்மாள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

"மருமகனே, ஒண்ணே ஒண்ணு. புள்ளத்தாச்சி ஏறுன வண்டி தாய்வீடு போய்ச் சேருற மட்டும் ஒரு அடி பின்னால போகக் கூடாது. போச்சு, நான் எறக்கிக் கூட்டிட்டு வந்துருவேன். பெரசவம் இங்கனதான்."

அழகுமலையின் வாய் வழக்கம்போல் முந்திக்கொண்டது. "பின்னாலயா? இதுல ரிவர்ஸ் கியர் இருக்கதே எனக்கு மறந்து போச்சு அத்தை."

முதல் வளைவிலேயே அது ஞாபகத்துக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒடித்தான். கர்ர்ர். டயர் முட்டி நின்றது. எதிரே ரோடு இல்லை, தேயிலைச் சரிவுதான் இருந்தது. ஸ்டியரிங்கை உலுக்கினான். இறங்கி டயரை ஓர் உதை விட்டான். உதை காலுக்குத்தான் வலித்தது. மறுபடி தொங்கி ஏறினான்.

"என்னண்ணே, உள்ள வாரதும் வெளிய போறதுமா இருக்க?"

"டயரோட ஒரு பேச்சுவார்த்த."

"முடியலன்னா பின்னாலதான் எடேன். எனக்கு இதுல நம்பிக்க இல்ல." மாரீஸ்வரி மேலே கண்ணைக் காட்டினாள். லயத்து முற்றத்தின் ஓரத்தில் மூக்கம்மாள் நின்றிருந்தாள். "ஆனா அத்தைக்கு இருக்கு. அவுகள தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்ப ஜீப்பு ஏத்தத்துல நின்னு பின்னால உருண்டுச்சாம். அந்தப் புள்ள தங்கல."

அழகுமலை ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தான். பின்னால் எடுத்தால் அந்த அம்மாள் மனசு உடையும், தங்கையும் வர மாட்டாள். எடுக்காவிட்டால் சரிவுதான் வழி.

"நான் எறங்கிக்கிறேன்," என்றாள் மாரீஸ்வரி. "ஏறுன வண்டிதான போகக் கூடாது? எறங்குன வண்டி போகலாம்ல?"

அவளை இறக்கி ரோட்டோரம் நிறுத்திவிட்டு வெறும் வண்டியைப் பின்னால் எடுத்தான், முன்னால் விட்டான், திருப்பினான். நிமிர்ந்து பார்த்தபோது முற்றத்து ஓரம் காலியாக இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூக்கம்மாள் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"வண்டி பின்னால போச்சே!"

"போச்சு அத்தை. ஆனா அதுல நான் மட்டுந்தான் இருந்தேன். எனக்கு மாசம் ஒண்ணும் இல்ல."

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. மருமகளின் வயிற்றில் கைவைத்தாள். "அசையுதா?"

"அசையுது அத்தை. அண்ணன் வண்டிய விட நல்லாவே அசையுது."

மூக்கம்மாள் மூச்சு வாங்கியபடி கீழே போகும் ரோட்டைப் பார்த்தாள். "எல்லா வளவுலயும் இதே கூத்துதானா?"

அழகுமலை தலையைக் குனிந்தான். "வரும்போதே அப்பிடித்தான் வந்தேன்."

"வந்து, வாயத் தொறக்கல." அவள் மாரீஸ்வரியின் கையைப் பிடித்தாள். "நட தாயி. திரும்பிப் பாக்காத."

யாருக்காக டயர் மாட்டினானோ அந்தத் தங்கை நடந்தாள். வெறும் வண்டி பின்னால் உறுமிக்கொண்டு வந்தது. வளைவு வரும்போதெல்லாம் பெண்கள் இருவரும் முன்னால் பார்த்து நடக்க, அழகுமலை பின்னால் போய்த் திரும்பி, வண்டியை விரட்டி வந்து சேர்ந்துகொண்டான். சாமி ஊர்வலத்தில் கடைசியாக வரும் ஜெனரேட்டர் வண்டியாகத் தன்னை நினைத்துக்கொண்டான்.

தார் ரோடு வந்ததும் இறங்கி மூக்கம்மாள் முன்னால் நின்றான். "தப்புதான் அத்தை. நாளைக்கே பழைய டயர மாட்டிப்புடுறேன். நம்பி அனுப்புங்க."

அவள் மருமகளின் கையை விடவில்லை. "இங்கிட்டு வளவே இல்லையா?"

"இருக்கு. எல்லாம் பெரிய மனசுக்கார வளவு. லாரியே சும்மா திரும்பும்."

அவள் ரோட்டை அந்தக் கோடி வரை பார்த்தாள். "அன்னைக்கு அந்த ஜீப்புக்காரன் என்னைய எறக்கி விட்டுருந்தா..." என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. அழகுமலை ஸ்டூலை எடுக்கப் போனான்.

அதற்குள் மூக்கம்மாள் கதவருகே போய்க் குனிந்தாள். "தோளப் புடிச்சு ஏறு தாயி." மாரீஸ்வரி ஏறி உட்கார்ந்ததும் அழகுமலை பக்கம் திரும்பினாள். "புள்ளயத் தூக்கிக்கிட்டு வரும்போது இந்தச் சனியன் டயரோட வந்தீக, லயத்துக்குள்ள விட மாட்டேன்."

'போயிட்டு வாரோம்' என்று சொல்ல வாயெடுத்தவனை மாரீஸ்வரி தொடையில் கிள்ளினாள். பிரசவத்துக்குப் போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. அவன் சொல்லை விழுங்கிவிட்டு முதல் கியரைப் போட்டான். வண்டி முன்னால் நகர்ந்தது. மூக்கம்மாள் கொஞ்ச தூரம் பக்கத்திலேயே நடந்து வந்தாள், டயர் எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்த்துக்கொண்டே.