குதிரைக்குக் குரல் கொடுத்தவன்

கௌபாய் படம் வருகிறது என்று கொட்டகை முதலாளி ராஜமாணிக்கம் சொன்னதுமே, படத்தைப் பார்க்காமல் பேனர் எழுதிவிட்டேன். எந்தப் பேனர் பெயிண்டர் படம் பார்த்துவிட்டு எழுதினான்? முறுக்கு மீசை, இரண்டு கையிலும் துப்பாக்கி, கீழே ரத்தச் சிவப்பில் ‘பயங்கரச் சண்டைக் காட்சிகள்’. எழுபத்தொன்பதாம் வருஷம் அது. பௌர்ணமிக்கு அண்ணாமலையைச் சுற்ற வந்த கூட்டத்தில் பாதி, மேட்னிக்கு எங்கள் கொட்டகையில்தான் இருந்தது.

புதுச்சேரியிலிருந்து வந்த படப்பெட்டியில் இருந்ததோ பொம்மைப் படம். பிரெஞ்சுக்காரர்களின் சித்திரக் கதையாம். ஒல்லிக் கௌபாய், அவனிடம் வாயாடும் ஒரு குதிரை, பேச்செல்லாம் பிரெஞ்சு.

ஐந்து நிமிஷம் பொறுத்தார்கள். பிறகு தரை டிக்கெட்டில் விசில் கிளம்பியது. அடி அண்ணாமலை கிராமத்துச் சடையன் எழுந்து நின்றான். போன வருஷம் ரீல் அறுந்ததற்கே திரையைக் கிழித்தவன்.

“மீச எங்கடா? பேனர் எழுதுனவன் எவன்டா?”

முதலாளி என்னை ஆபரேட்டர் ரூமுக்கு இழுத்துப்போய், படத்தின் சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, மைக்கைக் கையில் திணித்தார்.

“நீ இழுத்துவுட்ட வம்பு, நீயே பேசு. திரைமேல எவனாவது கை வெச்சான், இந்த ஊர்ல நீ பிரஷ் புடிக்க முடியாது.”

எனக்கு நாலு பேர் முன்னால் தமிழே தடுமாறும். பிரெஞ்சுக்கு எங்கே போவேன்? திரையில் குதிரை வாயைத் திறந்தது. நானும் திறந்தேன்.

“யோவ் சடையா, குந்துய்யா. காலைலருந்து மலை சுத்திட்டு வந்து நானே கால் கடுக்க நிக்கறேன்.”

சடையன் குந்தவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன். பெண்கள் பக்கம் ஓர் அம்மாள் களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பெஞ்சுக்குத் தாவி, தரைக்கு இறங்கி, கடைசியில் சடையனையும் உட்காரவைத்தது. அப்புறம் குதிரை கேலி பேசியது, கௌபாய் பதில் சொன்னான், திருடர்கள் எங்கள் ஊர் வேங்கிக்கால் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். வாய்க்கு வந்ததையெல்லாம் உளறினேன். படம் முடிந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

வாசலில் சடையன் நின்றிருந்தான். என் தோளில் கைபோட்டு அழுத்தினான்.

“நாளைக்கு ஊரையே கூட்டிகினு வரேன். இன்னைக்குப் பேசுன மாதிரியே பேசணும். ஒரு வார்த்த மாறுச்சு, திரையும் இருக்காது, நீயும் இருக்கமாட்ட.”

தலையாட்டினேன். பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்கு நினைவில்லை.