கடைசி நாலு வரி

காலை ஏழு மணிக்கு வர வேண்டிய பனி அளவு கணவாய் நிலையத்திலிருந்து வரவில்லை. தொலைபேசிதான் வந்தது.

"மகளே, ஜிபாரோட குரலக் காணோம்," என்றார் அசான்குல்.

பிஷ்கெக் தலைமை அலுவலகத்தில் பெர்மெத் நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவாயில் அசான்குல் பனியை அளப்பார். அவர் மனைவி ஜிபார் அதை வானொலியில் பிஷ்கெக்குக்கு வாசிப்பாள். வாசித்ததெல்லாம் நிலையத்துக் கணினியில் பதிவாகும். போன குளிர்காலத்தில் ஜிபார் இறந்தாள். பனியின் ஆழம், காற்று, குளிர், நடுவே இருமல், அடுப்பில் பால் பொங்குகிறது என்று கணவனுக்கு ஒரு அதட்டல். அவள் குரலென்று மிஞ்சியது அவ்வளவுதான்.

"என்ன பண்ணீங்க, பைகே?" பெரியவரை அவள் பைகே, அதாவது அண்ணன் என்றே அழைப்பாள்.

"வட்டு நெறஞ்சிருச்சுன்னு திரை கத்துச்சு. என்னென்ன கெடக்குன்னு பாப்போம்னு உதவிப் பக்கத்தத் தொறந்தேன். அதுல போட்டிருந்தத அடிச்சேன். அவ்வளவுதான்."

"பாத்துட்டுக் கூப்பிடறேன்," என்று வைத்தாள்.

நிலையக் கணினிகளில் பழைய பதிவுகளை நீக்கும் துப்புரவுக் கட்டளை அவள் எழுதியது. முன்பெல்லாம் அதை அடித்தால் பழைய பதிவுகளின் பட்டியல் மட்டும் வரும். அழிக்க இன்னொரு சொல் சேர்க்க வேண்டும். நிலையங்கள் சலித்துக்கொண்டன. போன மாதம் தலைகீழாக மாற்றினாள். இப்போது அடித்தால் அழித்துவிடும். பார்க்க மட்டும்தான் சொல் சேர்க்க வேண்டும். உதவிப் பக்கத்தின் மேலே இருந்த விளக்கத்தைத் திருத்தினாள். கீழே வரும் எடுத்துக்காட்டுகள் வேறு கோப்பு, மிர்லானின் பொறுப்பு. அவனிடம் சொல்ல எழுந்தபோது அலுவலகமே அவன் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவன் மகன் நடக்கத் தொடங்கியதற்குக் காலில் கயிறு கட்டி அறுக்கும் விருந்து. அவளும் போனாள், சாப்பிட்டாள். மறுநாள் நினைவு வரவில்லை.

நிலையங்களில் மேலே இருப்பதை யாரும் படிப்பதில்லை. சின்னத் திரை. உதவி ஓடி முடிந்தால் கடைசி நாலு வரிதான் நிற்கும். பட்டியலை மட்டும் காண, என்றது அங்கே. அதன் கீழே பழைய கட்டளை, இப்போது அழித்துவிடும் அதே கட்டளை.

அவளை எஜே, அக்கா என்றழைக்கும் மிர்லான் தேநீரோடு வந்தான். "என்ன எஜே, காலையிலயே மூஞ்சி தொங்குது? நான் எழுதினதுல காற்புள்ளி எண்ணுறீங்களா?"

"கணவாய்ல ஜிபார் எஜே குரல் அழிஞ்சிருச்சு."

அவன் குனிந்து அவள் திரையில் உதவிப் பக்கத்தைப் படித்தான். கோப்பையை மேசையில் வைத்தான்.

"இது நான் எழுதினது."

"நான் மாத்தினேன். உங்கிட்ட சொல்லல."

"நம்மகிட்ட நகல்?"

"இங்க பனிக் கணக்கு மட்டுந்தான் வரும். குரல யாரு கேட்டா?"

"வட்டுலேர்ந்து தோண்டி எடுக்கலாமே?"

"அழிச்ச எடத்துல வெத்து எழுத்த நெரப்பற மாதிரி பண்ணியிருக்கேன். நல்லாருக்குன்னு நீதான் பாராட்டுன."

மிர்லான் தன் மேசைக்குப் போய் அந்த வரியில் ஒரு சொல் சேர்த்தான். எல்லா நிலையங்களுக்கும் அனுப்பினான். தேநீர் ஆறியது. யாரும் தொடவில்லை.

அவள் கணவாயைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பைகே, திரும்ப எடுக்க வழியில்ல."

"சரி," என்றார் அசான்குல். "அவ அப்பவே சொல்லுவா, கிழவா, கண்ணாடி போடாம எதையும் தொடாதேன்னு."

"பைகே, நான் சொல்றதக் கேளுங்க. அது வந்து..."

"இரு. இன்னிக்குக் கண்ணாடி போட்டுத்தான் அடிச்சேன். ஒவ்வொரு எழுத்தா வெரல் வச்சுப் பாத்தேன். வயசானவன்னு பாத்து என் தப்ப மறைக்காத. நான் எங்க தப்புப் பண்ணேன், மகளே?"