மிச்ச மீன்

சோதனைக்கு வரும் மீனில் மெஷினுக்குத் தேவைப்படுவது சுண்டுவிரல் நகத்தளவு சதைதான். மிச்சத்தைக் கறுப்புப் பையில் கட்டி அழிப்புப் பெட்டியில் போடவேண்டும் என்பது ஆய்வக விதி. அங்கே குப்பி கழுவும் சோடாபுட்டிக்கு அந்த விதி வயிற்றெரிச்சலாக இருந்தது. (மூக்குக்கண்ணாடியின் தடிமனைப் பார்த்து வைத்த பேர் அது, கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.) ஆளுயர மீனின் நடுத்துண்டு, முள்ளே இல்லாத சதை, குப்பைக்கா? வீட்டில் தங்கச்சி பிள்ளைத்தாச்சி.

நாலு மாதமாக வாரம் இரண்டு தரம், ஒட்டியிருந்த எண் சீட்டை உரித்துவிட்டுச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனாள். சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்றாள். உன் சோடாபுட்டிக் கண்ணுக்கு மட்டும் எப்படி நல்ல துண்டாகவே மாட்டுகிறது என்று தங்கச்சி கேலி செய்துகொண்டே சாப்பிட்டாள்.

போன திங்கட்கிழமை மேசை துடைக்கும்போது அறிக்கைக் கட்டு திறந்து கிடந்தது. பாதரசம் அளவு மீறிய எண்களுக்கெல்லாம் சிவப்பு வட்டம். பதினேழு. இருபத்திரண்டு. முப்பத்தொன்று. எல்லாம் அவள் நகத்தால் உரித்த சீட்டுகள். பெரிய மீன் சின்ன மீன்களைத் தின்று உடம்பில் சேர்க்கும் பாதரசம், தாய் வழியாகப் பிள்ளையின் மூளைக்குப் போகும் என்று மெஷினை ஓட்டும் அண்ணன் எப்போதோ யாருக்கோ விளக்கியது அப்போதுதான் அவள் காதில் ஏறியது.

அன்றோடு மீனை நிறுத்தினாள். மறுநாள் காலை தலை வாரிவிடுகிறேன் என்று தங்கச்சியை உட்காரவைத்து, பின்மண்டையில் ஒரு கற்றையை ஒட்ட நறுக்கினாள். சிக்கு என்று சொல்லிச் சமாளித்தாள். சாப்பிட்ட பாதரசம் முடியில் தங்கும். அதையும் அந்த மெஷின் அளக்கும்.

வெள்ளிக்கிழமை மெஷின் அண்ணனிடம் தன் முடி என்று பொய் சொன்னாள். கழுவுகிறவளுக்கே சோதனையா என்று சிரித்தபடி அவர் முடியை அமிலத்தில் கரைத்து ஏற்றினார். எண் வந்ததும் சிரிப்பு நின்றது.

"பன்னிரண்டு காட்டுதே. ஒண்ணைத் தாண்டினாலே யோசிப்போம்."

குப்பியில் பழைய பாதரசம் ஒட்டியிருந்தாலும் இப்படி ஏறும், சரியாக ஊறப்போட்டாயா என்று அவரே கேட்டார். முழு நாள் அமிலத்தில் ஊறவைத்து ஏழு தண்ணீர் அலசுவது அவள் வழக்கம். ஒரு அலசல்கூடக் குறைந்ததில்லை.

"நேத்து கொஞ்சம் அவசரம்ணே," என்றாள்.

அப்படியானால் பார்த்துவிடுவோம் என்று, அதே தட்டிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்து வெறும் அமிலத்தை மட்டும் ஊற்றி ஓடவிட்டார். பம்பு டக் டக்கென்று இறைத்தது. திரையில் கோடு ஊர்ந்தது. கடவுளே, என் கை அழுக்காக இருக்கட்டும், என் வேலை போனாலும் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஏறு, ஏறு. கோடு துடைத்துவிட்ட தரை மாதிரி படுத்தே கிடந்தது.

"சுத்தம். உன் கழுவலைக் குறை சொல்ல முடியாது," என்றார் அவர். "நீ என்னதான் சாப்பிடுறே?"

"என் முடி இல்லண்ணே."

மற்றதையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. தங்கச்சிக்கு இது எத்தனையாவது மாதம் என்று மட்டும் கேட்டார். ஆறு. மீனை நிறுத்தினால் உடம்பு மெதுவாக வெளியேற்றிவிடும், ஆனால் இன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும் என்று எண் போட்ட தாளைக் கையில் கொடுத்தார். பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். அதை இந்த மெஷின் சொல்லாது என்றார்.

நடைபாதையில் நின்று போன் போட்டாள்.

"என்னக்கா, இந்த வாரம் மீனையே காணோம்? உள்ளே இருக்கிறது கேட்டு உதைக்குது."

"கிளம்பி நில்லுடி. டாக்டர்கிட்ட போகணும்."

"எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றினாள். நடைபாதை முழுக்கக் கலங்கிப்போயிற்று.

"அந்த மீன் சந்தையில வாங்கினது இல்லை," என்றாள்.