பிளாக் செராமிக்

பாரிஸுக்கு வெளியே சார்செல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் நின்ற சாம்பல் நிறக் காரின் டிக்கிக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு, தவரத்தினம் ஒரு கறுப்புத் தகட்டை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் தட்டினார். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பாத்திரக்கடையில் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறவர் அவர். புட்டுப்பானையோ, இட்டலிச் சட்டியோ, பீங்கானோ, தட்டிப் பார்க்காமல் ஒருவர் கையிலும் கொடுத்ததில்லை. நல்ல சாமான் கணீரென்று தன் குலம் கோத்திரம் சொல்லும். கீறல் விழுந்தது தடிமன் பிடித்து மூக்கடைத்தவன் மாதிரிக் கதைக்கும். இது அவருடைய கொள்கை. மற்றக் கொள்கைகளையெல்லாம் இரண்டாயிரத்து ஒன்பதோடு விட்டுவிட்டதால் இது ஒன்றுதான் கைவசம் இருந்தது.

தகடு தடிமன் பிடித்தவன் மாதிரித்தான் கதைத்தது.

"மெசியே, அது முலாம்பழம் இல்லை" என்றான் காரின் சொந்தக்காரன். முன்னாள் ராணுவக்காரன், இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் பால் பக்கெட்டுகளுக்குக் காவல். தகட்டின் முன்பக்கம் பீங்கான், பின்பக்கம் அழுத்தி ஒட்டிய நார், எல்லாவற்றையும் சுற்றித் துணியும் பஞ்சும். அதனால் தட்டினால் இப்படித்தான் கேட்கும் என்று விளக்கினான். குண்டு வந்து மோதும்போது பீங்கான் குண்டையும் உடைத்துத் தானும் உடையும், மிச்சத்தை நார் பிடித்துக்கொள்ளும்.

"அப்ப உடையிறதுதான் இதின்ரை வேலை" என்றார் தவரத்தினம், பிரெஞ்சில்.

"அதேதான்."

"முதலே உடைஞ்சு போயிருந்தால்?"

"நான் கீழே போட்டதே இல்லை" என்றான் அவன். சாயம் போகாது என்று சத்தியம் பண்ணுகிற சேலைக்கடைக்காரரின் முகம் இருக்கிறதே, அதை அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். பிடிக்காவிட்டால் வியாழக்கிழமைக்குள் திருப்பித் தரலாம் என்றும் சொன்னான். தவரத்தினம் இரண்டு தகட்டையும் அரிசிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

அது இரண்டாயிரத்து இருபத்திரண்டின் வசந்தகாலம். அவருடைய ஒரே மகள் மிருணாளினி படம் பிடிக்கிறவள். லா சப்பலின் பூப்புனித நீராட்டு விழாக்களையும், ஹெலிகொப்டரில் வந்திறங்கும் மாப்பிள்ளைகளையும் மூன்று வருடம் படம் பிடித்து, அதற்கு மேல் தாங்க முடியாது என்று ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்காரியோடு உக்ரைனுக்குப் போகத் தீர்மானித்திருந்தாள். பிரெஸ் என்று நெஞ்சில் எழுதிய, குண்டு தடுக்கிற வெஸ்ட் ஒன்றை யாரோ இரவல் கொடுத்திருந்தார்கள். உள்ளே வைக்கிற தகடு அவரவர் பொறுப்பாம். தகடு இல்லாத வெஸ்ட் என்பது தலையணை இல்லாத உறை.

தவரத்தினம் அவளிடம் போகவேண்டாம் என்று மூன்று தரம் சொன்னார். ஒரு தரம் தமிழில். விளங்கவேண்டும் என்பதற்காக இரண்டு தரம் பிரெஞ்சில். மூன்று தரமும் அவள் "தக்கோர், அப்பா" என்றாள். சரி என்று அர்த்தம். அவர் சொன்னது கேட்டது என்பதற்குத்தான் அந்தச் சரி. நாலாவது தரம் வாயைத் திறந்தபோது, தகடு என்ன அளவு என்று கேட்டிருந்தார்.

பாரமில்லாத தகட்டைப் புதிதாக வாங்க வேண்டுமென்றால் கடையை விற்க வேண்டும். கடையோ அவருடையதல்ல. ஆகவே இரண்டு வழி இருந்தது. ஒன்று, புதிதும் மலிவுமான பாரத் தகடு. சோதனைச்சாலையில் ரைஃபிள் குண்டை நிறுத்தியது என்ற அத்தாட்சியோடு தபாலில் வரும். மற்றது, அரிசிப் பைக்குள் கிடக்கிற இந்தப் பழைய இலேசான சோடி. மிருணாளினிக்கு இலேசானது வேண்டும். தவரத்தினத்துக்குப் பாரமானது. பாத்திரத்தில் பாரம்தான் தரம் என்பது கொள்கையின் இரண்டாம் பாகம். கடைசியில் பாரமானதற்கும் சொல்லிவைத்தார்.

இதெல்லாம் அவர் மனைவி இந்திராதேவிக்குத் தெரியாது. பிள்ளை போலந்துக்கு ஒரு கலியாண ஆல்பம் செய்யப் போகிறாள் என்பதுதான் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பள்ளிக்கூடக் கன்ரீனில் நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து, வீட்டில் ஒரு கண் செத்துப்போன காஸ் அடுப்போடு மல்லுக்கட்டுகிறவள் அவள். மின்சாரத்தில் வேலை செய்கிற கண்ணாடி அடுப்பு ஒன்று வேண்டுமென்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவரத்தினம் மேசையில் போனைப் போட்டு ஸ்பீக்கரில் கதைத்துக்கொண்டிருக்கையில் மிருணாளினியின் குரல் குசினி முழுக்கக் கேட்டது.

"அப்பா, பிளாக் செராமிக் எடுத்தாச்சா?"

பிரெஞ்சுக்காரருக்குச் சொல் பஞ்சம். நெஞ்சில் கட்டுகிற தகடும் பிளாக், சோறு ஆக்குகிற அடுப்புத் தட்டும் பிளாக். இந்திராதேவி நெருப்புக்குச்சியைக் கையில் பிடித்தபடி திரும்பினாள்.

"என்னப்பா, பிளாக் வாங்கப் போறியளோ?"

அந்த இடத்தில் சொல்வதற்கு எத்தனையோ பதில்கள் இருந்தன. தவரத்தினம் "ஓம்" என்பதைத் தெரிவுசெய்தார்.

செவ்வாய்க்கிழமைக்குள் பழைய அடுப்பு இரண்டாம் மாடி இராயப்பு வீட்டுக்குப் போய்விட்டது. அது நின்ற இடத்தை இந்திராதேவி சவர்க்காரம் போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கியிருந்தாள். கனடாவிலுள்ள தங்கைக்குச் செய்தி போயிற்று. தங்கையிடமிருந்து அது லண்டனுக்குப் போய், மனிசி கேளாமலே அடுப்பு வாங்கிக் கொடுக்கிற மனுசன் என்ற பெயர் தவரத்தினத்துக்கு இரண்டு கண்டங்களில் உண்டாகியிருந்தது. சமையல் தற்காலிகமாக, கூடாரம் அடிக்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் குட்டி காஸ் அடுப்பில் நடந்தது. அந்த வெறும் இடத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்க அவர் பழகிக்கொண்டார்.

தகட்டுக்குள் கீறல் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயில் பார்க்கலாமென்று மிருணாளினி எங்கோ வாசித்திருந்தாள். தவரத்தினத்துக்குத் தெரிந்த எக்ஸ்ரே ஒன்றுதான். லெ பிளாங்-மெனிலில் ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளராக இருந்தாள் தெரேஸ், பழைய அயல்வீட்டுக்காரி. அரிசிப் பையோடு போய் நின்றார்.

"அண்ணை, பேரும் இனமும் அடிக்காமல் மெசின் படம் எடுக்காது" என்றாள் தெரேஸ்.

"பேர் தவரத்தினம் எண்டு போடும்."

"இனம்?"

இருவரும் திரையைப் பார்த்தார்கள். நாய், பூனை, முயல், பறவை, ஆமை. தெரேஸ் தகட்டை ஒருதரம் திருப்பிப் பார்த்தாள். லேசாக வளைந்து, கறுப்பாக, பேசாமல் கிடந்தது.

"ஆமைதான் கிட்ட வருது."

பூனையோடு காத்திருந்த ஒரு பிரெஞ்சு மூதாட்டி, ஆமைக்கு என்ன நேர்ந்தது என்று இரக்கத்தோடு விசாரித்தாள். விழுந்துவிட்டதோ என்று சந்தேகம் என்றார் தவரத்தினம். அதில் ஒரு பொய்யும் இல்லை. உள்ளே வைத்தியர் படத்தைப் பார்த்து, பக்கத்தில் நின்ற மனிதரையும் பார்த்து, கேள்வி கேட்டால் நேரம் போகும் என்று நினைத்தாரோ என்னவோ, "முறிவு எதுவும் இல்லை" என்றுவிட்டு நாயைப் பார்க்கப் போனார். மற்றத் தகட்டிலும் இல்லை. தடிமன்காரர் இருவரும் நல்ல சுகதேகிகள்.

ஆனாலும் பஸ்ஸில் வரும்போது தவரத்தினத்தின் மனம் பாரமானதையே சுற்றியது. கீறல் இல்லை என்று படம் சொல்லும். குண்டை நிறுத்தும் என்று சொல்லாது. சுட்டுப் பார்த்த தகடு நல்லதென்று தெரியும், ஆனால் போட முடியாது. போடக்கூடிய தகடு நல்லதா என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கலியாணமும் இதே ஒழுங்கில்தான் நடக்கிறது என்று தோன்றியது. தோன்றிய உடனேயே, மகளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் தான் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டார்.

புதன்கிழமை மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது செருப்புகளுக்கிடையில் மிருணாளினியின் சப்பாத்து கிடந்தது. குசினி மேசையில் தபாலில் வந்த பெட்டி பிரிபட்டிருந்தது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்த அந்த வெள்ளை இடத்தில் இரண்டு கறுப்புத் தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. இந்திராதேவி கதிரையில் இருந்தாள். மகள் ஜன்னலோரம் நின்றாள்.

"இதுக்கு வயர் எங்கை?" என்று கேட்டாள் இந்திராதேவி.

 அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளில், வெஸ்ட் போட்ட ஒருவன் துப்பாக்கியோடு நிற்கிற படம் வெளியே தெரிந்தது.

"போலந்திலை கலியாண வீட்டிலை துவக்குச் சூடும் விழுமோ?"

"உக்ரைன், அம்மா" என்றாள் மிருணாளினி. வீட்டில் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"எப்ப?"

"நாளைக்குக் காலமை."

இந்திராதேவி கணவனிடம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"நான் குந்திக்கொண்டு காம்பிங் காஸிலை சமைக்கிறன்."

"ஓம்."

அவர் அடிக்குத் தயாராக நின்றார். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் எந்தச் சண்டையும் அவள் மேசையில் இருந்து எழும்பி வந்துதான் தொடங்கியிருக்கிறது. இந்திராதேவி எழும்பினாள். மகள் கொண்டுவந்திருந்த வெஸ்ட்டை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"போடு பாப்பம்."

பாரமானது இரண்டையும் முன்னுக்கும் பின்னுக்கும் செருகிப் பட்டிகளை இழுத்துக் கட்டியதும் மிருணாளினி ஒரு சுற்றுக் கட்டையானவள்போல் தெரிந்தாள். வாசலிலிருந்து குளியலறைவரை நீண்ட கொரிடோரை இந்திராதேவி கையால் காட்டினாள்.

"ஓடு."

"அம்மா, இதென்ன பகிடி?"

"பகிடி இல்லை. ஓடு."

மிருணாளினி ஓடினாள். திரும்பி ஓடிவந்தாள். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டில் இடித்தார். "குந்து. எழும்பு. திருப்பி ஓடு" என்றாள் தாய், வெங்காயம் உரி என்று சொல்கிற குரலில். மூன்றாவது ஓட்டத்தில் மகள் சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள். அவளுக்கே தெரியாமல் அவள் வலக்கை மேலே போய்த் தோள்பட்டியைக் கொஞ்சம் இளக்கிவிட்டது.

"கை போற இடத்தைப் பாத்தியளோ?" என்றாள் இந்திராதேவி. "தொண்ணூற்றஞ்சிலை யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிடேக்கை நான் மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தனான். அம்மா வாங்கின புது அடுப்பு. நாவற்குழிப் பாலம் வரைக்கும்தான். அங்கை மழைக்குள்ளை வைச்சிட்டு வந்திட்டன். பாரமெண்டால் இவளும் எங்கையாவது வைச்சிட்டுத்தான் போவாள்."

அவளைக் கட்டிய நாளிலிருந்து அடுப்பைப் பற்றி எத்தனையோ தடவை பேச்சு வாங்கியிருக்கிறார் தவரத்தினம். அந்த அடுப்பைப் பற்றி அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்.

அரிசிப் பைக்குள்ளிருந்து மற்றச் சோடி வந்தது. மிருணாளினி ஓடினாள், குந்தினாள், எழும்பினாள். கை தோளுக்குப் போகவில்லை. தவரத்தினம் கடைசியாக ஒருமுறை கொள்கைக்காகப் பேசிப் பார்த்தார்.

"இது பழசு. தட்டினால் சத்தமும் வடிவா வருகுதில்லை."

"என்னைத் தட்டினாலும் உந்தச் சத்தம்தான் வரும்" என்றாள் இந்திராதேவி. "கழட்டித் தா பிள்ளை. நானும் ஒருக்காப் பாரம் பாக்கிறன்."

நைற்றிக்கு மேலே அவள் அதைப் போட்டுக்கொண்டாள். பட்டியை மகள் இழுத்துக் கட்டிவிட்டாள். பிரெஸ் என்ற வெள்ளை எழுத்து அவள் நெஞ்சில் கொஞ்சம் கோணலாக நின்றது. கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவள் குட்டி காஸ் அடுப்பைத் தூக்கி மேசையில் வைத்து, பற்றவைத்து, சட்டியை ஏற்றினாள்.

குனிய முடியவில்லை. கீழ் அலுமாரியிலிருந்து எதை எடுப்பதென்றாலும் "இஞ்சேருங்கோ" என்றாள். தவரத்தினம் குந்தியிருந்து மிளகாய்த்தூளும் புளியும் எடுத்துக் கொடுத்தார். கத்தரிக்காய் வெட்டினாள். வெங்காயம் தாளித்தாள். குழம்பு ஒரு கொதி வந்தது. அங்கை குளிரோ என்று கேட்டாள். கூட வருகிறவள் சமைப்பாளோ என்று கேட்டாள். நெற்றியில் வேர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது. ஒருதரம்கூட அவள் கை தோள்பட்டிப் பக்கம் போகவில்லை.

"அம்மா, நான் உதைப் பைக்குள்ளை அடுக்கோணும்" என்றாள் மிருணாளினி.

"அடுக்கலாம். இரு."

சோபாவில் கமரா கிடந்தது. மிருணாளினி அதை ஒருமுறை பார்த்தாள். எடுக்கவில்லை. ஜன்னல் பாதி திறந்திருந்தது. எதிர்க் கட்டடத்துக்கு மேலே வெயில் இன்னும் போகவில்லை. காற்று உள்ளே வந்து நீல நெருப்பைச் சாய்த்தது, ஒரு பக்கம் அணையப் பார்த்தது. ஜன்னலைச் சாத்தத் தவரத்தினம் எழும்பினார். வேண்டாம் என்று அவள் கரண்டியால் காட்டினாள். ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து, நெருப்புக்கு ஒட்டினாற்போல் வந்து நின்றுகொண்டாள். சுவாலை நிமிர்ந்தது. அவள் அசையாமல் குழம்பைத் துழாவினாள்.