பறவை ‘நீ’ என்று சொன்ன இடம்

எங்கள் பஸ் டெப்போவில் கிழிந்த இருக்கைகளுக்கு உறை தைக்கிறவர் பஞ்சு அண்ணன். தலையிலும் புருவத்திலும் எந்நேரமும் பஞ்சுத் தூள் ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். நான் அதே டெப்போவில் பஸ் கழுவுகிறேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருக்கிறோம். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வெளிநாட்டுக்கு வந்து கிடக்கிறவர்கள் விடுமுறை நாளில் தூங்குவார்கள், இல்லாவிட்டால் போனில் வீட்டாரோடு சண்டை போடுவார்கள். அண்ணன் ‘உப்புக்கோபுரம்’ படிப்பார்.

அது ஒரு தடித்த மாயக்கதை நாவல். இந்த நாட்டு மொழியில் எழுதியதை யாரோ தமிழில் பெயர்த்திருந்தார்கள். அண்ணன் கால் உடைந்து படுத்திருந்தபோது அவருடைய அக்கா மகள், “மாமா தொணதொணப்பு தாங்கல, இதப் படிச்சுட்டு சும்மா கெடக்கட்டும்” என்று வாங்கி அனுப்பியது. கால் சரியாகிவிட்டது, புத்தகம்தான் அவரை விடவில்லை. அட்டை கிழிந்ததும் சீட்டுத் துணியிலேயே புது அட்டை தைத்துப் போட்டார். அவர் படிப்பதைப் பார்த்தால் பஸ் சீட்டைப் பிடுங்கி மடியில் வைத்திருப்பது போல இருக்கும்.

கதை எனக்கும் மனப்பாடம். கடல் வற்றிப்போன ஒரு தேசம். உப்பால் கட்டிய கோபுரத்தில் மணி அடிக்கிற ஒருத்தி. குன்றளவு பெரிய பறவை ஒன்று அங்கே வந்து இறங்குகிறது. அவளுக்குப் பறவை வேண்டும், பறவைக்கு அவள் வேண்டும், ஆனால் ஒருவருக்கொருவர் நம்பிக்கை கிடையாது. பக்கம் பக்கமாக ‘நீங்கள்’ ‘நீங்கள்’ என்று சம்பந்தி வீட்டார் மாதிரி பேசிக்கொள்கிறார்கள். கோபுரம் இடிந்து விழப்போகும்போதுதான் பறவை முதல் தடவையாக, “பயப்படாதே. நீ ஏறிக்கொள்” என்கிறது.

அந்த ‘நீ’தான் அண்ணனுக்கு நாவல். “இவ்ளோ பெரிய புஸ்தகமும் அந்த ஒத்தை எழுத்துக்காகத்தாண்டா” என்பார்.

“என்னைப் பாத்த மொத நாளே ‘டேய்’னு கூப்பிட்டீங்களே அண்ணே, நான் எந்தக் கோபுரத்துலேர்ந்து விழுந்தேன்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“உன் மூஞ்சியே ‘டேய்’னு இருந்துச்சு.”

அந்த நாவலின் முன்பாதி இந்த நாட்டு மொழியிலேயே படமாக வந்தது. அதிலே ஒரு கூத்து என்னவென்றால், புத்தகம் வாங்கி அனுப்பிய அதே அக்கா மகள் அந்தப் படத்தில் வேலை பார்த்திருந்தாள். கம்ப்யூட்டரில் பறவைக்கு இறகு வைக்கிற கூட்டத்தில் அவள் ஒருத்தி. பறவையின் கழுத்து அவள் பொறுப்பு. இரண்டு வருஷம் கழுத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தது. வலியில் டீ கிளாஸைக்கூட இடது கையால்தான் பிடித்தாள்.

இந்த நாட்டிலேயே வேறு நகரத்தில் இருக்கிறவள், எங்களோடு படம் பார்ப்பதற்காகவே சனிக்கிழமை வந்து இறங்கினாள். அன்றைக்கே அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

“மாமா, ரெண்டாம் பாகத்துக்கு வரியான்னு கம்பெனி கேக்குது. திங்கக்கிழமை பதில் சொல்லணும். கையைக் கெடுத்துக்காத, விட்டுட்டு வான்னு அம்மா அழுவுது. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க படத்தப் பாருங்க. நல்லா இருக்குன்னு சொன்னா போறேன். இல்லன்னா மிச்சம் இருக்கற கையோட வீட்டுக்குப் போறேன்.”

“என்ன கேக்கற பொண்ணே நீ? நான் சீட்டு தைக்கறவன்.”

“உங்கள விட அந்தப் புஸ்தகத்து மேல உசுரா இருக்கறவங்க யாரு? பொய் மட்டும் சொல்லாதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குப் போனோம். அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். அவரை நடுவில் உட்காரவைத்து நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. முழுக்க மாமா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபுரக் காட்சி வந்ததும் அண்ணன் தலையைச் சாய்த்து ஒரு காதைத் திரைக்குக் கொடுத்தார். கோபுரம் ஆடியது, மணிக்காரி அலறினாள், பறவை என்னவோ சொன்னது, அவள் ஏறினாள், பறந்துவிட்டார்கள்.

“எங்க?” என்றார் அண்ணன், வாய் விட்டு. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த இடத்தில் காப்பி கிடைக்காதவர் மாதிரி கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து நான் டீ போட்டேன். அவள் கேட்காமலே நின்றாள். அதுவே கேட்கிற மாதிரிதான் இருந்தது.

“அந்த மணிக்காரிக்கு எதுக்கு இவ்ளோ பவுடரு?” என்று ஆரம்பித்தார் அண்ணன். “உப்புலயே கெடக்கறவ கை வெடிச்சுப் போயிருக்காது? நேத்துதான் கடையில வாங்கின மாதிரி கை. கோபுரம் விழும்போது சத்தம் வேற, குப்பை லாரி கவுந்த மாதிரி. சரி, அதெல்லாம் போவுது. அந்த ‘நீ’ எங்க போச்சு? உயிரான எடத்தையே முழுங்கிட்டானுங்களே!”

“மாமா, அந்த மொழியில நீயும் கெடையாது, நீங்களும் கெடையாது. ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான்.”

“அதெப்படி?”

“இத்தன வருஷமா பேசறீங்களே. டிரைவரையும் சூப்பர்வைசரையும் ஒரே மாதிரிதானே கூப்பிடறீங்க?”

அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. “சூப்பர்வைசர மட்டும் மரியாதையா நெனச்சுக்கிட்டு கூப்பிடுவேன்.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்ப நான் படிச்ச ‘நீ’?”

“அது தமிழ்ல பெயர்த்தவங்க வச்சது. எழுதினவரு வைக்கல. அவரால வைக்கவும் முடியாது.”

அண்ணன் மேசையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். கூடவே வளர்ந்தது வேறு ஒருத்தருடைய பிள்ளை என்று தெரிந்த மாதிரி பார்த்தார். பிறகு, யோசிக்காமல் ஒன்றைச் சொன்னார்.

“அப்ப இந்தப் படத்துல ஒண்ணுமே இல்லயேம்மா. இதுக்கா ரெண்டு வருஷம் கை ஒடிய உக்காந்த?”

அவள் முகம் செத்துவிட்டது. “நீங்க படத்தக் காதால பாத்துட்டு வந்திருக்கீங்க மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் அவளுக்கு பஸ்.

“அண்ணே, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போவும்?” என்றேன்.

“பொய் சொல்லாதன்னு கேட்டுட்டாளேடா. அதுவும் இல்லாம நான் பொய் சொன்னா மூக்கச் சொறிவேன். அவளுக்கு சின்ன வயசுலேர்ந்து தெரியும்.”

டீ ஆறிப்போனது. அவர் குடிக்கவில்லை. “காதால பாத்தேனாமே” என்று இரண்டு தடவை முனகினார். திடீரென்று எழுந்து, வேலைக்குக் கொண்டு போகிற பையைத் திறந்து பஞ்சைப் பிய்த்து உருட்ட ஆரம்பித்தார்.

“கெளம்பு.”

“எங்க?”

“மத்தியான ஆட்டத்துக்கு. இந்தா, உனக்கும் ரெண்டு.”

சீட்டுக்குள் அடைக்கிற பஞ்சு, நன்றாகவே அடைக்கும். படம் ஊமைப்படம் ஆகிவிட்டது. பேச்சு போனதும் எனக்கே கண் வேறு இடத்துக்குப் போனது. மணிக்காரி கிட்டே வரும்போதெல்லாம் பறவையின் கழுத்து இறகுகள் மெல்லச் சிலிர்த்து நின்றன. அவள் தள்ளிப் போனால் கொஞ்சம் தணியும், அவ்வளவுதான். முழுக்கப் படியாது. காலையில் இதையெல்லாம் நான் பார்க்கவே இல்லை. அண்ணன் என் முழங்கையை இடித்துத் திரையைக் காட்டினார். துணியின் ரோமம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துத் தைக்கிறவர் அவர். இப்போது காற்றிலேயே விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபுரம் ஆடியது. பறவை அலகைத் திறந்தது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தொண்டைக்குக் கீழேயிருந்து ஆரம்பித்து, வெல்வெட் துணியை உள்ளங்கையால் நீவியது போல, கழுத்து இறகு முழுக்கப் படிந்தது. அவசரமே இல்லாமல் படிந்தது. அவள் ஏறினாள். அதற்குப் பிறகு படத்தில் எத்தனை பேரைப் பார்த்துச் சிலிர்த்தாலும், அவளைப் பார்த்து அந்தக் கழுத்து சிலிர்க்கவே இல்லை.

“சொல்லிடுச்சுடா!” என்றார் அண்ணன்.

காதில் பஞ்சு இருந்ததால் எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று அவருக்குத் தெரியவில்லை. பஞ்சையும் மீறி எனக்கே கேட்டது. இந்த முறை முன்வரிசை மட்டுமில்லை, மொத்த தியேட்டரும் திரும்பியது. டார்ச் லைட்டோடு ஒரு ஆள் வந்து நின்றான்.

வீட்டுக்கு வந்தபோது அவள் பெட்டியை இடது கையால் பூட்ட முயன்றுகொண்டிருந்தாள்.

“கழுத்து சொல்லிடுச்சு பொண்ணே!” என்று வாசலிலிருந்தே கத்தினார்.

“ஏன் மாமா கத்தறீங்க?”

“என்ன?”

அவள் கிட்டே வந்து அவர் காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். காதை அடைத்துக்கொண்டு படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

“படம் எனக்குப் பிடிக்கல. அதுல மாத்தமில்ல” என்றார் அண்ணன். “ஆனா அந்தக் கழுத்து. அந்த ஒரு எடம். புஸ்தகத்துல கூட அவ்ளோ மெதுவா இல்ல.”

“யாரும் அப்படி செய்யச் சொல்லல மாமா. படிச்சதுலேர்ந்து அது ‘நீ’ன்னு சொல்ற எடமாத்தான் எனக்குள்ள கெடக்குது. வாயில வைக்க முடியல, கழுத்துல வச்சேன். எங்க லீடர் கேட்டாரு, இங்க ஏன் இறகு படியுதுன்னு. தமிழ்ல படிச்சேன், அதனாலன்னு சொன்னா அவருக்கு வெளங்குமா? காத்து திரும்புது சார்னு சொல்லிட்டேன்.”

“எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல?”

“சொல்லாம தெரியணும்னு நெனச்சேன்.”

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தார். அவள் எதிரே நின்றாள்.

“அப்ப ரெண்டாம் பாகத்துக்குப் போகட்டுமா மாமா?”

நாவலின் பின்பாதியில் பறவை சாகும். அது மூன்று பேருக்கும் தெரியும். இவள் போகாவிட்டால் வேறு யாரோ உட்கார்ந்து அதைச் சாகடிப்பார்கள், இறகு அசைகிற எல்லா இடத்திலும் வெறும் காற்றுதான் வீசும். அண்ணன் முகத்தில் அது ஓடுவதை நான் பார்த்தேன். அவர் அவள் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தார்.

“வேணாம்” என்றார். “கை ஆறட்டும். அது யார் கையில வேணா செத்துட்டுப் போவட்டும்.”

அவர் கை மூக்குக்குப் போனது.

“மாமா, மூக்கு.”

“அரிக்குது.”

“வேணாம்னு சொன்னது பொய்யா, யார் கையில வேணா சாவட்டும்னு சொன்னது பொய்யா?”

“ரெண்டாவது” என்று ஒப்புக்கொண்டார். “மொதல்ல சொன்னது நெஜம்.”

அவள் பெட்டி மேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் பட்டையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். “மொத்தப் படமும் முடியாது, கையும் தாங்காது. கை ஆறின அப்புறம் வந்து அந்த சாவுக் காட்சி மட்டும் செய்யறேன்னு கேக்கட்டுமா? ஒத்துக்க மாட்டாங்கன்னுதான் தோணுது.”

“கேக்கறதுல என்ன? கேளு!” என்று அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

இடது கையால் போனில் எழுத்தெழுத்தாகத் தட்டி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை, பதில் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன், ஏனென்றால் அண்ணனுக்குக் கை ஒழியவில்லை. சாகும்போது இறகு எப்படி இறங்க வேண்டும் என்று தெரு நெடுக இரண்டு கையையும் தூக்கித் தூக்கி இறக்கிக் காட்டிக்கொண்டே போனார். “அப்படி இல்ல மாமா, கழுத்து கடைசி” என்று பட்டை கட்டிய கையாலேயே திருத்திக்கொண்டு அவள் பக்கத்தில் நடந்தாள்.